மில்லுக்குப் போன ஜெர்பரா

மானாம்பதியில் மேரியின் வீட்டுப் பின்பக்கம் அந்தப் பூ முதல் தடவை விரிந்த காலையில், அதைப் பார்க்க முதலில் ஓடி வந்தது அவளுடைய ஆடுதான். நல்லவேளை, கயிறு எட்டவில்லை. ஆட்டை இழுத்து வேறு பக்கம் கட்டிவிட்டுத் திரும்பிய மேரி செடிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

ஆறு வருஷமாக அவள் பஞ்சாட்சரத்தின் நர்சரியில் கூலி வேலை செய்கிறாள். உத்திரமேரூர் போகிற ரோட்டில் பச்சை வலைப் பந்தல்களும் நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடாரமுமாக இருக்கும் நர்சரி அது. கூடாரம் முழுக்க ஜெர்பரா. கல்யாண மேடைகளில் பார்த்திருப்போம்: இலையில்லாத நீளத் தண்டின் தலையில் ஒற்றைப் பூ, நடுவில் வட்டம், சுற்றிலும் வரிசையாக இதழ், சின்னச் சூரியகாந்தி மாதிரி. வயசான செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் போடச் சொல்வார்கள். அப்படிப் பிடுங்கியதில் பதினொன்றை மேரி முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தாள். ஒரு நாள் காய்ந்த பூ ஒன்றில் விதை பஞ்சு பஞ்சாக நிற்பதைப் பார்த்து, விளையாட்டாகக் கிள்ளித் தயிர் டப்பாவில் தூவினாள். ஏழு முளைத்தன. ஐந்தைக் கோழி கிளறிவிட்டது. ஒன்று கோடையில் கருகியது. மிச்சம் இருந்த ஒன்றுதான் ஆவணி மாசத்தில் இப்படிப் பூத்து நின்றது.

இதழெல்லாம் பாலேட்டின் நிறம். ஒவ்வொரு இதழின் நடுவிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரே ஒரு சிவப்புக் கோடு, அளவெடுத்து இழுத்த மாதிரி. நர்சரியில் பதினாலு நிறத்தை அவள் கையால் பறித்திருக்கிறாள். கோடு போட்ட பூவைப் பார்த்ததே இல்லை.

போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினாள். அவர் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே ‘எங்க மேரி வீட்டில் பூத்தது’ என்று எழுதினார். சாயங்காலமே ஒரு போன் வந்தது. பேசியது ஸ்ரீவித்யா. உத்திரமேரூர் சன்னதித் தெருப் பெண். ஊருக்கு வரும்போதெல்லாம் நர்சரிக்கு வந்து போகிறவள். இப்போது சேலத்துப் பக்கம் மலை மேல் ஒரு மலர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை.

“மேரி, இந்தக் கோடு நான் எங்கயும் பார்த்ததில்லை,” என்றாள் ஸ்ரீவித்யா. “அந்தச் செடியை மட்டும் எப்படியாவது காப்பாத்தி வைங்க.”

மேற்கொண்டு அவள் சொன்னதை மேரி மனப்பாடமே செய்துவிட்டாள். தை கடைசியில் அப்பாவுக்குச் சதாபிஷேகம், அதற்கு ஊருக்கு வருகிறாள், வந்ததும் செடியைப் பார்ப்பாள். நன்றாக இருந்தால் அவளே அதைக் கிழங்கோடு பிரித்துத் தனித்தனிச் செடிகளாக நடுவாள். பிரித்த செடிகள் எல்லாம் இதே கோட்டோடு பூத்தால் அது புது ரகம். புது ரகம் என்றால் அதைப் பதிவு செய்யலாம், மேரியின் பேரில். ஆனால் அதுவரை செடியைத் தொடக் கூடாது. மழையிலும் பனியிலும் ஜெர்பராவை வெட்டினால் பிழைக்காது. குளிரில் நனைந்து நின்றாலே அதன் கழுத்து, அதாவது இலையெல்லாம் கிளம்புகிற இடம், அழுகிப் போகும்.

“ஒரு செடிதான் கீது மேடம்,” என்றாள் மேரி. “அத்த நான் பாத்துக்கிறேன்.”

அன்று முதல் மேரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள் புருஷன் பெருமாள் சென்ட்ரிங் வேலை செய்கிறவன். கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் பலகை அடித்து முட்டுக் கொடுப்பது அவன் தொழில். அவன் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவக்கூட விடாமல் பின்பக்கம் இழுத்துப் போய்க் காட்டினாள். தினமும் காட்டினாள். பூ வாடி விழுந்த பிறகு இலையைக் காட்டினாள். அவனும் சலிக்காமல் பார்த்து, ஷோக்கா கீது என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றுக்கு உட்கார்ந்தான்.

ஐப்பசி மழையை அவள் சமாளித்துவிட்டாள். செடியைச் சுற்றி வாய்க்கால் வெட்டினாள், கழுத்தடியில் ஆற்று மணல் போட்டாள், ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைக் கொம்பு நட்டுக் கூரையாகக் கட்டினாள். யாரோ ஒருவருடைய காதணி விழா பேனர். அதில் இருந்த சின்னப் பெண் சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்துச் செடிக்குக் குடை பிடித்தாள்.

கார்த்திகையில்தான் ஆரம்பித்தது. மழை நின்று வெயில் வர வேண்டிய காலத்தில் வானம் திறக்கவே இல்லை. கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பிய மாதிரி ஒரு ஈரக் காற்று பகலெல்லாம் வீசியது. பத்து மணிக்கும் ஜனங்கள் போர்வையோடு டீக்கடையில் நின்றார்கள். துணி காயவில்லை, வறட்டி காயவில்லை. மாடுகள் தொழுவத்தில் நடுங்கின. மானாம்பதியில் இப்படி ஒரு குளிரைப் பார்த்ததே இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மேரியின் செடி புது இலை விடுவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் நடுவில் ஒரு மொக்கு, ஒரு விரல் உயரத்துக்கு, பிடிவாதமாக எழும்பி வந்தது.

அப்புறம் புயல் செய்தி வந்தது. இரண்டு நாளில் கரை கடக்கும் என்றார்கள். நர்சரியில் அவளையும் மற்றவர்களையும் வைத்துக்கொண்டு பஞ்சாட்சரம் கூடாரத்தின் பிளாஸ்டிக்கையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டினார். இல்லாவிட்டால் காற்று கம்பிகளோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். கூடாரத்துச் செடிகள் குளிர்ந்த மழையில் மொட்டையாக நின்றன. தன் செடியை இங்கே கொண்டுவந்து வைக்கலாம் என்று மேரி போட்டிருந்த கணக்கு அதோடு போயிற்று.

புயலுக்கு முந்தின நாள் மத்தியானம் மழை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. மேரி பேனருக்கு அடியில் குனிந்து செடியைப் பார்த்தாள். வெளி வரிசை இலை ஒன்று தொங்கியிருந்தது. லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அதன் அடி கறுத்து, கொழகொழவென்று இருந்தது.

ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டாள். டவர் இல்லை. ரோடு வரை நனைந்துகொண்டே ஓடி, அங்கிருந்து போட்டாள். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து இன்னொரு இலையைத் தொட்டாள். அதுவும் வந்துவிட்டது. அழுகல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேடம் சொன்னது காதில் ஒலித்தது. ஆனால் மேடம் இந்த இலையைப் பார்க்கவில்லை, தான்தான் பார்க்கிறோம் என்றும் ஒரு எண்ணம் ஓடியது. நர்சரியில் இந்த அழுகல் வந்த செடி இரண்டு நாள் தாங்கி அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் போய்க் கத்தி எங்கே என்று பெருமாளிடம் கேட்டாள். மழையில் வேலை இல்லாமல் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“எதுக்கு?”

“செடிய அறுக்கப் போறேன்.”

“இன்னா பேசற நீ? தொடாதன்னு மேடம் சொன்னாங்களா இல்லியா? கம்முனு இரு. அவங்க வந்து அறுக்கட்டும்.”

“அவங்க வர்ற வரைக்கும் இது இருக்காதுய்யா. நாளான்னிக்கே இருக்காது. இத்த மோந்து பாரு.”

கறுத்த இலையடியை அவன் மூக்கருகில் நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்தான். கத்தியை எடுத்து வாசல் கருங்கல்லில் தீட்ட ஆரம்பித்தான்.

முதலில் மொக்கைக் கிள்ளினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. மொக்கு இருந்தால் செடி வேர் விடாது என்று தெரியும், தெரிந்தும் விரல் இரண்டு தடவை பின்வாங்கியது. பிறகு செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசினாள். மண் கரைந்து வேரும் கிழங்கும் தெரிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. கிழங்கில் தனித்தனியாக இலை விட்ட ஐந்து தலை இருந்தது. நடுத்தலை மட்டும் கறுத்திருந்தது. மற்ற நாலுக்கும் அழுகல் இன்னும் எட்டவில்லை. ஆனால் எட்டுவதற்கு ஒரு நகக்கண் அளவுதான் பாக்கி.

ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தாள். பெருமாள் டார்ச் அடித்தான். வெள்ளைச் சதை தெரிகிறவரைக்கும் கறுப்பைச் செதுக்கித் தள்ளினாள். வெட்டு வாயில் அடுப்புச் சாம்பலைத் தடவினாள். இலைகளைப் பாதியாக நறுக்கினாள். முடிவில் நாலு துண்டு நின்றன. இரண்டு கொழுத்தவை, ஒன்று நடுத்தரம், நாலாவது சுண்டுவிரல் பருமன், அதில் இரண்டே இலை. நாலையும் நர்சரிக் கவர்களில் மணல் நிரப்பி நட்டாள்.

நட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் அடுத்த கேள்வி எழுந்தது. இவற்றை எங்கே வைப்பது. அவர்கள் வீடு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. தளம் ஒழுகியது, சுவர் நாலும் ஊறிப் போயிருந்தன, கரண்ட் காலையிலேயே போய்விட்டது. பல்பு போட்டுச் சூடு காட்டலாம் என்றால் வழியில்லை. வெட்டுப்பட்ட செடி இந்த ஈரத்தில் ஒரு ராத்திரி நின்றால் நாலும் கறுக்கும்.

பெருமாள் தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று அவன் முகம் மாறியது.

“மில்லு,” என்றான். “பச்சமுத்து மில்லு.”

உத்திரமேரூர் எல்லையில் நெல் அவிக்கிற ரைஸ் மில் ஒன்று இருக்கிறது. அதன் பாய்லர் அறைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் தளம் போட்டது பெருமாளின் கோஷ்டி. உமியைப் போட்டு எரிக்கிற பாய்லர் அது. மழைக்காலத்தில்தான் அதற்கு வேலை அதிகம். களத்தில் நெல் காயாது, எல்லாவற்றையும் சூடு காட்டித்தான் உலர்த்த வேண்டும். அந்த அறைச் சுவர் எந்நேரமும் கதகதவென்று இருக்கும், கிழக்கே பெரிய ஜன்னலும் உண்டு. பாய்லர் ஓட்டுகிற பச்சமுத்து அவனுக்குப் பழக்கம். இதையெல்லாம் அவன் சொல்லி முடிப்பதற்குள் மேரி நாலு கவரையும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துவிட்டாள். பெருமாள் தன் ரெயின்கோட்டைக் கழற்றிக் கூடைக்குப் போட்டுப் பொத்தான் மாட்டினான்.

டிவிஎஸ் வண்டி மழையில் இருமிக்கொண்டே போயிற்று. மேரி பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பாதி தூரத்தில் தரைப்பாலம். ஏரியிலிருந்து மிஞ்சி வருகிற தண்ணீர் அதன் மேல் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஓடியது. இந்தப் பக்கம் கயிறு கட்டி, போலீஸ்காரர் ஒருவர் குடையோடு நின்றார். வண்டியெல்லாம் திரும்பிப் போக வேண்டும் என்றார். பெருமாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். செடி என்று கேட்டதும் அவர் கூடையையும் மேரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போம்மா என்றார்.

மேரி போகவில்லை. கயிற்றின் அருகிலேயே நின்றாள். குளிரில் பல் தந்தியடித்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒரு சந்தோஷம் கிளம்பி நின்றது, திருவிழாக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி. கால் மணி நேரம் நின்றிருப்பாள். பின்னால் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு வந்தது. நனைந்த நெல் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு ஏற்றியிருந்தார்கள். முளைத்துவிடும் முன் மில்லில் உலர்த்த வேண்டிய அவசரம். அதன் சக்கரம் பெரியது, அதை மட்டும் போலீஸ்காரர் விட்டார். மேரி கையை நீட்டி மறித்தாள். அதே மில்லுக்குத்தான் போக வேண்டும், இந்தக் கூடையோடு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். ஓட்டுகிறவர் தலையாட்டினார். பெருமாள் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து, அவளைத் தூக்கி மூட்டை மேல் ஏற்றிவிட்டுத் தானும் தொற்றிக்கொண்டான்.

தண்ணீருக்குள் டிராக்டர் இறங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர் சுழித்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போனாள். நடுப்பாலத்தில் ஒரு குலுக்கல். கூடை வழுக்கியது. அதன் மேல் குப்புற விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். அக்கரை ஏறியதும் பெருமாள் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மில்லில் பச்சமுத்து உமி தள்ளிக்கொண்டிருந்தார். மழையில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கூடையைப் பார்த்து, உள்ளே பச்சைக் குழந்தைதான் இருக்கிறதோ என்று பதறி ஓடி வந்தார். பொத்தானை அவிழ்த்ததும் உள்ளே நறுக்கிய இலையோடு நாலு செடி.

“இதுக்காகவா பாலத்தத் தாண்டி வந்தீங்க?” என்று கேட்டார்.

மேரி போனில் பூவின் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஜன்னல் மேடையில் இருந்த எண்ணெய் டப்பாக்களையெல்லாம் எடுத்துக் கீழே வைத்தார்.

“இங்க வை, தங்கச்சி. காத்து வராது. சூடும் பதமா கீது.”

சுவரில் கை வைத்துப் பார்த்தாள் மேரி. இரண்டு வாரமாக எங்கேயும் காணாத கதகதப்பு அவள் உள்ளங்கையில் ஏறியது. மூலையில் பாதி எரிந்த உமி கறுப்பாகக் குவிந்து கிடந்தது. அதை ஒரு பிடி அள்ளினாள். இலேசாக, பொலபொலவென்று இருந்தது. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கும், ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வேர் விடுகிற செடிக்கு இதைவிட என்ன வேண்டும். இரண்டு தடவை அலசி மணலோடு கலந்து, நாலு துண்டையும் மறுபடி அதில் நட்டாள். கழுத்து வெளியே தெரிகிற மாதிரி நட்டாள். இருட்டுவதற்குள் அதே டிராக்டரில் பாலத்தைத் தாண்டி இருவரும் வீடு திரும்பினார்கள்.

புயல் அடித்த இரண்டு நாளும் அவர்களால் மில் பக்கம் போக முடியவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் மேரி முதல் பஸ்ஸில் ஓடினாள். ஜன்னல் மேடையில் மூன்று கவர்தான் இருந்தன. கொழுத்த துண்டு ஒன்றைக் காணவில்லை. அது பாய்லர் கதவுக்கு இரண்டடி தள்ளி, தரையில் இருந்தது. இலையெல்லாம் அப்பளமாகச் சுருண்டிருந்தது. நன்றாக இருக்கிற செடி, இன்னும் கொஞ்சம் சூடு கிடைத்தால் சீக்கிரம் வளருமே என்று பச்சமுத்துதான் இறக்கி வைத்திருந்தார்.

அவளுக்குக் கோபம் பொங்கியது. செடியைப் பிடுங்கி அவிந்துபோன வேரைக் காட்டினாள். அந்த மனுஷர் பேயறைந்த மாதிரி நின்றார். இரண்டு நாளாக அவர் வீட்டுக்குப் போகாமல் மில்லிலேயே இருந்தார், புயலில் அவர் வீட்டுக் கூரை ஓடும் பறந்திருந்தது. அந்த நிலையிலும் செடிக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார். அதைக் கேட்டதும் மேரியின் கோபம் இறங்கிவிட்டது. மிஞ்சிய மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். வெட்டு வாய் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நடுத்தரத் துண்டை லேசாக அசைத்தாள். அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது.

“பச்சமுத்து அண்ணே,” என்றாள். “புடிச்சிகினு கீது.”

மேற்கொண்டு மூன்று நாள் பச்சமுத்து தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, ஜன்னல் பக்கம் யாரும் வரக் கூடாது என்று மூட்டை தூக்குகிறவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தாராம். ஏழாம் நாள் வெயில் வந்தது. செடிகள் வீடு திரும்பின.

மார்கழி அடுத்தது. மழை போய்ப் பனி வந்தது. பெருமாள் சென்ட்ரிங் பலகையை அறுத்து ஒரு பெட்டி அடித்தான், மூடிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் போட்டான். சாயங்காலம் அடுப்பு அணைந்ததும் அதில் கிடந்த செங்கல் நாலை எடுத்துச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் மூலைக்கு ஒன்றாக வைக்க வேண்டும் என்பது அவனே கண்டுபிடித்த வித்தை. காலையில் பெட்டிக்குள் கைவிட்டால் கோழி அடைகாத்த முட்டை மாதிரி இருக்கும். செடிக்கு வூடு கட்டிக்கினு கீறாங்க என்று தெருவில் பேச்சு. மேரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் ஏறினால் மூடியைத் திறந்து காற்றுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலில் பளிச்சென்று வெயில் விழுந்ததைப் பார்த்ததும் மூடி ஞாபகம் வந்து, புதுப் புடவையோடு எழுந்து ஓடினாள். பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போது மூச்சு வாங்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நடுவில் ஸ்ரீவித்யா நாலைந்து தடவை விசாரித்தாள். செடி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், நல்லா கீது மேடம் என்றே மேரி பதில் சொன்னாள். வெட்டியதைச் சொல்லவில்லை. சொல்லப் பயம். பொய்யும் இல்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் நடுத்தரச் செடியில் மொக்கு. நாலு நாள் கழித்துக் கொழுத்ததில். சுண்டுவிரல் செடியை அவள் எதிர்பார்க்கவே இல்லை. தை பாதியில் அதிலும் ஒரு பட்டாணி அளவு மொக்கு இலைக்கு நடுவே எட்டிப் பார்த்தது. மேரி நர்சரியில் வேலை செய்துகொண்டே தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தாள். பஞ்சாட்சரம் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தானே மோட்டார் சைக்கிளில் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டு, பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.

சதாபிஷேகத்துக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்ரீவித்யாவின் கார் தெருவில் நின்றது. பட்டுப் புடவை கசங்கியிருந்தது, காலில் மருதாணி. நேராகப் பின்பக்கம் வந்தாள். போட்டோவில் பார்த்த இடத்தை அடையாளம் கண்டு அங்கே போனாள். அங்கே வெறும் குழி. அவள் முகம் செத்துப் போனது.

“மேரி, செடி எங்க?”

“அறுத்துட்டேன் மேடம்.”

“எப்போ?”

“புயலுக்கு மொத நாளு. கழுத்து அழுகிடுச்சி. உங்களுக்குப் போன் போட்டுப் பாத்தேன், கெடைக்கல. அதான் நானே அறுத்துட்டேன்.”

மேரி பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

இரண்டு பூ முழுசாக விரிந்திருந்தன. பாலேட்டு இதழ், நடுவில் சிவப்புக் கோடு. இரண்டிலும் ஒரே கோடு, ஒரே நீளம். பட்டுப் புடவையோடு ஸ்ரீவித்யா மண்ணில் உட்கார்ந்தாள். பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒவ்வொரு இதழாகப் பார்த்தாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். நோட்டில் எழுதினாள், அடித்தாள், மறுபடி அளந்தாள். குளிர்மழையில் வெட்டினதா என்று மூன்று தடவை கேட்டாள். மில், உமி, செங்கல் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். கேட்கக் கேட்க அவள் எழுதுகிற வேகம் கூடிக்கொண்டே போனது.

“நான் இப்போ வந்து பிரிச்சு நட்டிருந்தா, இதைப் பார்க்க இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும்,” என்றாள். “மூணாவதும் இப்படியே இருந்ததுன்னா எனக்குச் சந்தேகமே இல்லை.”

மூன்றாவது, சுண்டுவிரல் செடியின் மொக்கு, பாதி மூடிக் கிடந்தது. இதழின் முதுகுதான் தெரிந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று ஸ்ரீவித்யா கை நீட்டினாள். வேண்டாம் மேடம், வெயில் ஏறட்டும், அதுவே விரியும் என்று மேரி தடுத்துவிட்டாள். காத்திருந்தார்கள். ஸ்ரீவித்யாவுக்கு வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது, விருந்தாளிகள் கிளம்புகிறார்கள் என்று. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு மேரி கொடுத்த டீயைக் குடித்தாள். பெருமாள் வேலைக்குப் போகாமல் சுவரோரம் நின்றான். தெருவில் நாலைந்து பேர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். செடிக்கு வீடு கட்டியதாகக் கேலி பேசியவர்கள்தான்.

வெயில் மெல்லப் பெட்டியின் மேல் நகர்ந்தது. பத்தரை மணிக்கு வெளி இதழ் ஒன்று பிரிந்து சாய்ந்தது. இன்னொன்று. அப்புறம் ஒரு பக்கமாக வரிசையாக நாலைந்து. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண்ணின் குரல், “கோடு கீது, கோடு கீது,” என்றது. பூ சின்னதுதான், மற்ற இரண்டில் பாதி கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு இதழிலும் அந்தச் சிவப்பு இருந்தது.

ஸ்ரீவித்யா மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பெருமாள் ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தான்.

அன்றே ஸ்ரீவித்யா பதிவுக்கான காகிதங்களில் மேரியின் கையெழுத்தை வாங்கினாள். கொழுத்த செடியைத் தன்னோடு மலைக்கு எடுத்துப் போக வேண்டும் என்றாள். அங்கே அதைப் பெருக்கி இன்னும் இரண்டு பருவம் பூக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மேரி சரியென்று செடியை எடுத்தாள். எடுத்தவள் நின்றாள்.

“அங்க குளிரு எவ்ளோ மேடம் இருக்கும்?”

“இப்போ ராத்திரியில பன்னெண்டு டிகிரி வரைக்கும் போகும். ஆனா கண்ணாடி வீடு இருக்கு மேரி, உள்ளே சூடு இருக்கும்.”

மேரி கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நம்பாமல் இல்லை, படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்தக் கண்ணாடி வீட்டைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது. காஞ்சிபுரம் தாண்டி அவள் போனதில்லை. போவதற்கு ஒரு காரணமும் இதுவரை வந்ததில்லை.

“நானும் வரேன் மேடம்,” என்றாள். “வெச்சிட்டு, பாத்துட்டு, வந்துடறேன்.”

ஸ்ரீவித்யா சிரித்தாள், சரி என்றாள். மறுநாள் விடிந்ததும் மேரி காரின் முன்சீட்டில் ஏறினாள். மடியில் செடி. மற்ற இரண்டுக்கும் எப்போது மூடி திறக்க வேண்டும், எத்தனை செங்கல் வைக்க வேண்டும் என்று பெருமாளுக்கு ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கார் நகர்ந்த பிறகும் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பெருமாள் வண்டியோடு காத்திருந்தான். செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து மேரி இறங்கினாள். தலையில் யாரோ கொடுத்த கம்பளித் தொப்பி, அதைக் கழற்றவே இல்லை. வண்டியில் ஏறி உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். மலையில் இருபது வளைவாம். மேகம் காருக்குள் வந்ததாம். கண்ணாடி வீடு நம்ம சர்ச் அத்தனை பெரிசாம், உள்ளே ஆயிரம் செடியாம், அதில் ஒன்றுக்குக்கூட கோடு இல்லையாம். அவள் செடியைத் தனி மேடையில் வைத்து அதற்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களாம். அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவள் எப்படி வெட்டினாள் என்று செய்து காட்ட.

தரைப்பாலம் வந்தது. தண்ணீர் வற்றி, காய்ந்த சேற்றில் கொக்குகள் நின்றன. மேரி பேசுவதை நிறுத்தவில்லை. வண்டி மானாம்பதி தெருவுக்குள் திரும்பியதும் அவள் ஓடும்போதே இறங்கிப் பின்பக்கம் போனாள். பெட்டியைத் திறந்து பார்த்து, சுண்டுவிரல் செடியில் இரண்டாவது மொக்கு வந்திருப்பதைக் கண்டு, அங்கிருந்தே பெருமாளைக் கூப்பிட்டாள்.